பெற்றோர் கூட்டம் என்பது பேச்சுக் கூட்டமா?

தலைவர் அவர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கும் நாலைந்து தந்தைமார்களே, வணக்கம்.

பிள்ளையை அடிக்கக் கூடாது என்று நான் இங்கே ஒரு மணி நேரம் முழங்கலாம். நீங்களும் கை தட்டுவீர்கள். ஆனால் தெரியாமலா அடிக்கிறோம்? வேலை முடிந்து அலுத்து வரும் நேரத்தில் பிள்ளை அடம் பிடித்தால், அடிக்காமல் வேறென்ன செய்வது? அடிக்காமல் சமாளிப்பது நமக்குப் பழகவில்லை. பேச்சைக் கேட்டுப் பழக்கம் வராது, செய்து பார்த்தால்தான் வரும்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில் ‘சினோவுயோ’ என்றொரு பெற்றோர் பயிற்சி நடந்தது. எய்ட்ஸ் எத்தனையோ தாய் தகப்பனைக் கொண்டுபோன மண் அது. பல வீடுகளில் வளரிளம் பேரப்பிள்ளைகளைப் பாட்டிமார்தான் வளர்க்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் வகுத்த பயிற்சியில் வீடியோ போட்டுக் காட்டிப் பேச வைப்பார்கள். சினோவுயோவில் திரைக்கு வேலையே இல்லை. நடித்துப் பார்த்தார்கள், வீட்டில் செய்து பார்த்துவிட்டு அடுத்த வாரம் வந்து சொன்னார்கள். மொத்தம் 14 கூட்டங்கள். அவற்றில் பத்துக்குப் பெரியவரும் பிள்ளையும் சேர்ந்தே வர வேண்டும். வராதவர்களை வீடு தேடிப் போனார்கள்.

2015-16இல் 552 குடும்பங்களிடம் இதைச் சோதித்தார்கள். சில மாதங்கள் கழித்துக் கேட்டபோது, அடி குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் சொன்னார்கள். பிள்ளைகளோ அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை! சிரிக்காதீர்கள், நம் வீட்டில் கேட்டாலும் இதே கதைதான். அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்களே, அதற்காகவே அவர்களை நம்பலாம்.

பதினான்கு கூட்டங்களா என்று மலைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பிறந்த ‘டிரிபிள் பி’ குழுப் பயிற்சியில் ஐந்து கூட்டங்கள்தான். மிச்சத்தை மூன்று தொலைபேசி உரையாடல்களில் முடிக்கிறார்கள். ஆகவே எண்ணிக்கையில் புனிதம் ஒன்றும் இல்லை. ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கிழமையை மாற்றுங்கள், நேரத்தை மாற்றுங்கள், வாரங்களைக் குறையுங்கள். செய்து பார்க்கும் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள். நேரமில்லை என்று நாம் முதலில் வெட்டுவது அதைத்தான்.

அம்மா பிள்ளையாக நடிக்கட்டும், பிள்ளை அம்மாவாக நடிக்கட்டும். ஐந்தே நிமிடத்தில் நம் குரல் எப்படி இருக்கிறது என்று நமக்கே கேட்கும்.

செயலாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குப் பொன்னாடை வாங்கும் காசில், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வையுங்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அந்த நாலைந்து தந்தைமார் நாற்பதாவார்களா என்று பார்ப்போம்.