கருமாதி முடிந்த மறுநாள்



பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை அன்று லயமே வளர்த்தது. ஒரு வீட்டில் சாப்பாடு, அடுத்த வீட்டில் தலைப்பின்னல். பெரியம்மாவோ தாய்மாமனோ கைப்பிடித்துக் கூட்டிப் போனால் போதும். பள்ளித் தலைமையாசிரியருக்கும் தெரியும், கிராணிக்கும் தெரியும்: யார் பிள்ளை, யார் பொறுப்பு என்று. காகிதம் எதுவும் தேவைப்படவில்லை.

இன்று நம்மில் பலர் தாமான்களில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்கே நம் கதை தெரியாது. சுங்கைப்பட்டாணியில் உள்ள மருத்துவமனைக்கும் வங்கிக்கும் எப்படித் தெரியும்?

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அக்காவுக்கு 22 வயது, தொழிற்சாலையில் வேலை. தம்பிக்கு 13. அப்பாவும் போய், அம்மாவும் போய்விட்டார். சமைப்பதும், பள்ளிக்கு அனுப்புவதும், இரவில் அவன் அழுதால் எழுந்து உட்காருவதும் அக்காதான். ஒருநாள் தம்பிக்கு அறுவை சிகிச்சை. படிவத்தில் 'பெஞ்சாகா', அதாவது பாதுகாவலர், கையெழுத்துப் போட வேண்டிய இடம். அக்காவின் பேனா அங்கே நின்றுவிடுகிறது. வளர்க்கிறவள் அவள்தான், ஆனால் சட்டம் அவளை இன்னும் பாதுகாவலராக நியமிக்கவில்லை.

அந்த நியமனத்துக்கு வழி இருக்கிறது. மலேசியாவின் 1961ஆம் ஆண்டு சிறார் பாதுகாவலர் சட்டத்தின்படி, பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு உயர்நீதிமன்றம் பாதுகாவலரை நியமிக்கலாம். நீதிபதி முதலில் பார்ப்பது பிள்ளையின் நலன். பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உறவை நிரூபிக்கும் ஆவணங்கள், வருமானம், வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணத்தோடு முன்வைக்க வேண்டும். நெருங்கிய உறவினர்கள் எழுத்தில் சம்மதம் தந்தால் வேலை இலகுவாகும்.

வயதைக் கவனியுங்கள். முஸ்லிம் அல்லாதோருக்கு இந்தச் சட்டத்தில் 21 நிரம்பும்வரை சிறார்தான். மூத்தவருக்கே 19 என்றால் அவரும் சட்டத்தின் கண்ணில் பிள்ளை. அந்த வீட்டுக்கு அத்தையோ மாமாவோ முன்வந்து மனுச் செய்ய வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணம் ஏது என்று தயங்காதீர்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது. முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

அப்பா, அம்மா விட்டுப்போனதையும் தேடுங்கள். இபிஎஃப் சேமிப்பு இருக்கலாம். சந்தா கட்டியவர் இறந்து, நிபந்தனைகள் பொருந்தினால், சொக்சோவின் உயிர்வாழ்வோர் ஓய்வூதியத்தில் பிள்ளைக்கும் பங்குண்டு. பிள்ளையின் பெயரில் வீடோ நிலமோ இருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் பாதுகாவலரும் அதை விற்க முடியாது. யாரும் ஏமாற்றிவிடாதபடி பிள்ளைக்குச் சட்டம் போட்ட வேலி அது.

பெற்றோராக இருக்கும் நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நமக்குப் பிறகு பிள்ளைக்கு யார் பாதுகாவலர் என்பதை உயிலில் எழுதி வைக்கலாம். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று தள்ளிப் போடாதீர்கள். அந்த ஒரு வரி, நாளை உங்கள் மூத்த பிள்ளையின் அலைச்சலைக் குறைக்கும்.

லயத்துக்குத் தெரிந்திருந்ததை இன்று நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. அதைத் தெரிவிக்கக்கூடிய மாமா, அத்தை, பெரியப்பா எல்லாரும் கடைசியாக ஒன்றாக உட்காருவது பெரும்பாலும் கருமாதி அன்றுதான். மறுநாள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விடுவார்கள். அதனால் அன்றே, பாயைச் சுருட்டுவதற்கு முன்னால், யாராவது ஒருவர் கேளுங்கள்: "தம்பிக்கு இனி யார் பெஞ்சாகா? நீதிமன்றத்துக்கு அந்தப் பொண்ணோட யார் கூடப் போறது?"