கேட்டுக் கொடுப்பதே உதவி



பசித்தவனுக்குச் சோறிடுவது அறம். அவன் குடியிருக்கும் நிலத்தைப் பறித்துக்கொண்டு சோறிடுவதற்கு என்ன பெயர்? திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், கொட்டியாரக் குடாவை ஒட்டிய சம்பூரின் கதை நம்முன் வைக்கும் கேள்வி இது.

2006ஆம் ஆண்டுப் போரில் சம்பூர் மக்கள் ஊரை விட்டு ஓடினர். அதே ஆண்டில், திருகோணமலையில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைக்க இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் உடன்பட்டன. பின்னர் அதற்குத் தெரிந்தெடுத்த இடம் சம்பூர். மண்ணுக்குரியவர்களோ கிளிவெட்டி முதலிய இடங்களில் அகதி முகாம்களில் கிடந்தனர். வீட்டுக்காரன் வெளியே நிற்க, வீட்டைப் பற்றிப் பிறர் பேசி முடித்த கதைதான் இது!

2012இல் முதலீட்டு வலயத்துக்கென ஒதுக்கிய 818 ஏக்கர் நிலம் 2015இல் விடுவிக்கப்பட்டது. திரும்பி வந்த மக்கள் வயலைத் திருத்தினர். கடலில் வலை வீசினர். நிலக்கரிச் சாம்பல் வயலிலும் குளத்திலும் படியும், நிலையத்திலிருந்து வரும் சுடுநீர் மீன்வளத்தைக் கெடுக்கும் என அஞ்சி எதிர்த்தனர். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2016 செப்டெம்பரில், நிலக்கரி நிலையம் அங்கு அமையாது என அரசு நீதிமன்றில் அறிவித்தது. முதல் நாளே கேட்டிருந்தால் பத்தாண்டு வீணாகியிருக்குமா?

நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா என்பார்கள். வேண்டும். அயலவர் உதவியையும் நாம் வெறுக்கவில்லை. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நிலக்கரியினும் சூரிய ஒளி நன்று. ஆயினும் அதற்கும் நிலம் வேண்டும். நல்ல பொருளையும் கேட்டே கொடுக்க வேண்டும்.

ஆகவே நாம் கோருவது மூன்று. கையெழுத்துக்கு முன்பே திட்டம் முழுவதும் மக்களின் மொழியில் அவர்கள் கைக்கு வரட்டும். உழவரும் மீனவரும், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கூடிய ஊர்க்கூட்டத்தில் அது ஆராயப்படட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் இடமோ திட்டமோ மாறட்டும்.

கற்றோரே, அத்தாள்களைப் படித்து ஊருக்கு விளக்குவது உங்கள் கடன். உழவர்களே, உறுதியையும் வரைபடத்தையும் பேணிக் கேள்வி கேட்பது உங்கள் கடன். கொடுப்பவன் கை மேலே இருக்கலாம். கால் நம் வயலை மிதிக்கலாகாது!