தன்னாய்வும் தொண்டும்



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இன்று நம் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் விடுதிக் காப்பாளர்களாகவும் பணிபுரிகின்றனர். இது பெருமைக்குரியது. ஆயின், பதவியோடு ஒரு கடமையும் வந்துள்ளது. தம் அன்றாடப் பணியைத் தாமே ஆராய்ந்து பார்ப்பதே அக்கடமை.

அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு அவருக்கு வாய்த்த ஆசிரியருள் ஒருவர் ஜான் டூயி. எதனையும் அதன் ஆதாரத்தையும் விளைவையும் சீர்தூக்கிய பின்னரே ஏற்க வேண்டும் என்று 1910இல் நூல் எழுதி விளக்கியவர் அவர். வழக்கம் என்பதற்காகவே ஒன்றை ஏற்க மறுத்தவர் நம் அண்ணல்.

அந்த வழக்கம் நம்மிடமும் ஒட்டிக்கொள்ளும். நம் பாட்டனாரை நிற்க வைத்துப் பேசிய குரல், நாற்காலியில் அமர்ந்ததும் நம் வாயிலிருந்தே எழக்கூடும். மூதாட்டி தன் நோயைச் சொல்லி முடிக்குமுன் மருந்துச் சீட்டு நீட்டப்படும். பருத்தி எடுக்கும் பருவத்தில் பள்ளிக்கு வராத சிறுவன், வீட்டு நிலை கேட்கப்படாமலே சோம்பேறி ஆகிவிடுவான்.

குழுமூர் அனிதாவை நாம் மறப்பதற்கில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும், நீட் தேர்வால் அவருக்கு மருத்துவக் கல்லூரியின் கதவு திறக்கவில்லை. 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அக்கதவைத் திறக்கப் போராடுவது நம் அனைவரின் கடமை. இன்று அடைத்த கதவின்முன் நிற்கும் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் செவிகொடுக்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நம் தொழிலின் கடமை.

வழி எளிது. இரவில் ஒரு குறிப்பேட்டில் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுங்கள். இன்று யாரைக் காக்க வைத்தேன்? யார் பேச்சைப் பாதியில் நிறுத்தினேன்? நாளை எதை மாற்றிச் செய்வேன்? பிறர் பெயரை எழுத வேண்டா. அவர்தம் துயரம் அவர்களுடையது. மாதம் ஒருமுறை உடன் பணிபுரிவோருடன் கூடிப் பேசுங்கள். 1950களில் லண்டனில் மைக்கேல் பாலிந்த் என்னும் மருத்துவர், பொது மருத்துவர்களைச் சிறு குழுவாகக் கூட்டி, நோயாளியைப் பற்றியும் தம் மனநிலையைப் பற்றியும் பேசச் செய்தார்.

தன்னாய்வு என்பது தன்னையே நொந்துகொள்வதன்று. மருந்து இல்லை, ஆசிரியர் இல்லை என்றால், அது உங்கள் குறையன்று. அப்போது அக்குறிப்பேடே சான்றாகும்; அதைக் கொண்டு உரிமையைக் கேளுங்கள்.

இளைஞர்களே! நாளை நீங்களும் நாற்காலியில் அமர்வீர்கள். உங்கள்முன் வந்து நிற்பவரை முதலில் அமரச் சொல்லுங்கள்.