அடியேன் என்றவரும் அடிமையாய் இருந்தவனும்

(செங்கல்பட்டில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சரணாகதி பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். பெரியாரையும் அம்பேத்கரையும் படித்தவர்கள் இதை ஒரே வரியில் தள்ளிவிட முடியும். ஆனால் உங்கள் வீட்டில் அம்மா ஆடிக்குக் கூழ் ஊற்றுகிறாள். அக்கா புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்கு விளக்கேற்றுகிறாள். அவர்களோடு பேச வழி தெரியாமல்தான் நம்மில் பாதிப் பேர் கூட்டத்தில் ஒரு ஆளாகவும் வீட்டில் ஒரு ஆளாகவும் இருக்கிறோம். அதனால கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

இந்தத் தத்துவம் எங்கோ காசியிலிருந்து இறக்குமதியானது என்று நினைக்க வேண்டாம். பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர், திருக்கச்சி நம்பியின் பூந்தமல்லி, வேதாந்த தேசிகர் பிறந்த காஞ்சிபுரம் தூப்புல் எல்லாம் அந்த ஜில்லாவுக்குள் இருந்தவை. பெரிய நம்பி ராமானுஜருக்குத் தீட்சை கொடுத்ததாகச் சொல்லும் மதுராந்தகம் இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். முதலாழ்வார் மூவரில் பூதத்தாழ்வாருக்கு ஊர் மாமல்லபுரம்.

தத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்சத்துக்கு வேதமும் யோகமும் வேள்வியும் வேண்டுமென்றால் அது மேல்சாதி ஆணுக்கு மட்டும்தான் நடக்கும். இதெல்லாம் முடியாதவன், என்னால் ஆவது ஒன்றுமில்லை, நீயே கதி என்று விழுந்தால் போதும். அதுதான் சரணாகதி, பிரபத்தி. இதற்கு இடம், காலம், ஆள் என்று எந்த நிபந்தனையும் கிடையாது என்று பிள்ளை லோகாசாரியர் எழுதினார். பக்தனின் பிறப்பை ஆராய்வது பெற்ற தாயைச் சோதித்துப் பார்ப்பதற்குச் சமம் என்கிற அளவுக்கு அவர் போனார். அறுநூறு, எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இப்படி எழுதியவரை நான் லேசாகத் தள்ளமாட்டேன். தேசிகர் அவ்வளவு தூரம் வரவில்லை. பக்தனானாலும் சாதியும் சாதிக் கடமையும் போகாது என்றார். பின்னால் வடகலை, தென்கலை என்று பிரிந்து கோர்ட்டுக்குப் போனார்களே, இதுக்காகத்தான் போனாங்கன்னு நினைச்சுடாதீங்க. காஞ்சிபுரம் கோயிலில் யார் முதலில் பாடுவது, எந்த நாமம் போடுவது என்பதுதான் அங்கே வழக்கு.

இந்தத் தத்துவத்துக்கு நடுவில் நிற்கிற சொல் அடிமை. கடவுளுக்கு அடிமையாய் இருப்பதே உயிரின் இயல்பு, அதுவே அதற்குப் பெருமை என்கிறது வைணவம். ஐயங்கார் வீடுகளில் 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'அடியேன்' என்பார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கும். அதே ஜில்லாவில், பக்கத்துச் சேரியில், இன்னொருத்தனும் அடிமையாக இருந்தான். அவனுக்கு அது உவமை கிடையாது. படியாள் என்று பேர். படி நெல்லுக்கு உழைத்தான். அடமானம் வைக்கப்பட்டான், விற்கப்பட்டான். 1843-ல் அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று கும்பினி அரசாங்கம் சொன்ன பிறகும் கடன் என்ற கயிறு அவிழவில்லை. மிராசுதார் தன் ஆண்டைத்தனத்தைச் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் அடியேன் ஆனார். வெளியே வந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டார். சேரிக்காரன் உள்ளேயும் போக முடியாது, செருப்பும் போட முடியாது. அவன் எதைக் கழற்றிவிட்டு அடியேன் ஆவது?

1891-ல் இந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதில் பக்தி பற்றிய பேச்சு இல்லை. ஆனால் சரணாகதி எப்படி உற்பத்தி செய்யப்படுகிறது என்பது அதில் இருக்கிறது. தரிசு நிலம் கேட்டுச் சேரிக்காரன் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாருக்கு முன்னுரிமை என்று சொல்லி அதை அடித்துவிடுவார்கள். அவன் குடிசை போட்டிருக்கிற மனையும் பெரும்பாலும் மிராசுதாருடையதுதான். எதிர்த்துப் பேசினால் மறுநாள் வீடு இருக்காது. இப்படி எல்லா வழியையும் அடைத்துவிட்டால் மனுஷன் விழத்தான் செய்வான். யார் காலில் என்பதுதான் மிச்சம். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1892-ல் பஞ்சமி நிலத்துக்கு அரசாணை வந்தது. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின, காரணையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பஞ்சமி நிலத்தில் வைத்த அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று இதே செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். நூறு வருஷம் மனு கொடுத்த சனம் அன்றைக்கு நிமிர்ந்து நின்று கேட்டது.

சரி, சேரிக்காரனும் பக்தனாகிவிட்டால்? வைணவ மரபே சொல்கிற மாறனேரி நம்பி கதையைப் பாருங்கள். ஆளவந்தாரின் சீடர், தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர். ஆசாரியனின் நோயைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டவர். அவர் செத்தபோது பிராமணரான பெரிய நம்பி ஈமக்கடன் செய்தார், அதற்காகத் தன் சாதிக்காரர்களிடம் விலக்கமும் வாங்கினார். பெரிய நம்பியின் துணிச்சலை மதிக்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. சாவதற்கு முன் மாறனேரி நம்பி கேட்டது என்ன தெரியுமா? என் உடம்பை என் உறவுக்காரர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள் என்று. கடவுளிடம் போவதற்கு அவர் தன் சேரியைக் கைகழுவ வேண்டியிருந்தது. ராமானுஜர் வழிவந்த ஒரு பிராமணர் தன் அக்கிரகாரத்தைக் கைகழுவ வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை. காந்திக்கு எழுதிய பதிலில் அம்பேத்கர் இதைத்தான் பிடிக்கிறார். கடவுள் முன்னால் சமம் என்று ஞானிகள் சொன்னார்கள், மனிதருக்குள் சமம் என்பதற்காக அவர்கள் சண்டை போடவில்லை என்கிறார்.

எனக்கு ஒரு சின்ன அளவுகோல் உண்டு. விழும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் விழுகிறார்கள். எழுந்த பிறகு பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

காஞ்சிபுரத்தில் ராமானுஜர், பிராமணரல்லாத திருக்கச்சி நம்பியைத் தன் குருவாக நினைத்து வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் மனைவி மிச்சச் சோற்றை வெளியே கொடுத்துவிட்டு, இடத்தை மெழுகி, தலைக்குக் குளித்துவிட்டு நிற்கிறார். கதை சொல்கிறவர்கள் குற்றத்தையெல்லாம் அந்த அம்மா தலையில் வைத்துவிடுவார்கள். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்த தர்மம் தப்பித்துக்கொள்ளும்.

மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயிலுக்கும் சோற்றில் தொடங்குகிற கதைதான். புண்டரீக முனிவர் தாமரைப் பூவோடு பாற்கடல் போகக் கடலை இறைத்துக்கொண்டிருந்தாராம். பெருமாள் கிழவராக வந்து பசிக்கிறது என்றாராம். முனிவர் சோறு கொண்டுவரப் போன நேரத்தில் கிழவரே கடலை இறைத்துவிட்டு, ஆதிசேஷன் இல்லாமல் வெறுந்தரையில் படுத்துக்கொண்டாராம். பசிக்குது என்று வந்து தரையில் படுத்த சாமி. அந்தக் கோயில் அன்னதானத்தில்தான் 2021 அக்டோபரில் நரிக்குறவர் பெண் ஒருவர் பந்தியில் உட்கார விடாமல் விரட்டப்பட்டதாகப் பேசிய வீடியோ நாடெங்கும் ஓடியது. கைக்குழந்தையோடு நின்று அவர் கேட்டதில் கெஞ்சல் துளியும் இல்லை. அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டி வந்தது. நவம்பர் 4 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவருக்கும் இருளருக்கும் பட்டா கொடுத்தார். அது அந்தப் பெண்ணின் வாய் வாங்கியது. எத்தனை வருஷம் அந்தக் கோபுரத்தைக் கும்பிட்டிருந்தாலும் பட்டா வந்திருக்காது.

இன்னொரு படமும் நினைவுக்கு வருகிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த 42 இருளர்கள் மீட்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு வயசானவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுகிற போட்டோ பத்திரிகைகளில் வந்தது. 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்ட நாட்டில், சட்டப்படி கடமையைச் செய்ய வந்தவர் காலில் ஒரு கிழவர் விழுகிறார். சரணாகதியை வேதாந்தப் புத்தகத்தில் படிப்பதற்கு முன் இந்தப் போட்டோவைப் பாருங்கள்.

அதே இருளர்கள் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு வருவதையும் நீங்கள் பார்க்க வேண்டும். புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டு, குடும்பம் குடும்பமாக ராத்திரி தங்குவார்கள். கன்னியம்மன் கோவித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள், அவளைச் சமாதானப்படுத்திக் கூட்டிவரத்தான் வருகிறார்கள். ஈர மணலைக் குவித்துப் படிகள் கட்டி, பூ வைத்து, விடியற்காலையில் பூசை. ஐயர் கிடையாது, அவர்களில் ஒருவரேதான் பூசாரி. மொட்டை, காதுகுத்து, கல்யாணம் எல்லாம் அந்த மணலிலேயே முடிந்துவிடும். அங்கேயும் பக்தி இருக்கிறது, அழுகை இருக்கிறது. ஆனால் சாமி எஜமானி இல்லை. கோவித்துக்கொண்டு போன வீட்டுப் பெண். அருள் வந்து ஆடுகிறவரிடம் கேள்வி கேட்பார்கள், பதிலுக்குப் பேசுவார்கள். இதை நான் புரட்சி என்று சொல்ல வரவில்லை. விடிந்ததும் நிறையப் பேர் அதே செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும்தான் திரும்பிப் போகிறார்கள்.

அடுத்த மாசி மகத்துக்குப் பத்துப் பேராவது அங்கே போங்க. கேமராவை அப்புறம் எடுக்கலாம், முதல்ல நோட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. கன்னியம்மனைப் பத்திக் கேளுங்க, ஆசையா சொல்வாங்க. கூடவே இதையும் கேளுங்க: முன்பணம் எவ்வளவு வாங்கினீங்க, யாருகிட்ட வாங்கினீங்க, சாதிச் சான்றிதழ் இருக்கா, மனைப்பட்டா யாரு பேர்ல இருக்கு.