விரல்கள் பயிலும் பாடம்

பழைய எடோ நகரத்தின் வீதிகளிலே, இருள் கவிந்த பின்னர், ஒரு சிறு குழலின் ஓசை கேட்பதுண்டு. இன்று தோக்கியோ என்று வழங்கும் மாநகரத்துக்கு 1868 ஆம் ஆண்டுவரை எடோ என்பதே பெயர். அக்குழலை ஊதி வந்தவர் இசைவாணர் அல்லர். ஒரு கையிலே கோலும் மறு கையிலே குழலுமாக நடந்து வந்த அவர், உடம்பு பிடித்துவிடும் தொழிலாளி; பெரும்பாலும் விழிப்புலனற்றவர். பகலெல்லாம் பாரஞ்சுமந்து தோள் நொந்தவர்களும், கணக்கெழுதிக் கழுத்து இறுகியவர்களும் அவ்வோசையைக் கேட்டுக் கதவைத் திறந்து அவரை உள்ளே அழைப்பர். அவர் செய்த தொழிலுக்கு யப்பானிய மொழியில் 'அன்மா' என்று பெயர். 'அன்' என்றால் அழுத்துதல். 'மா' என்றால் தேய்த்தல்.

உடம்பு பிடிப்பதற்குக் கல்வி வேண்டுமா என்று நம்மிற் பலர் வியக்கக்கூடும். கொஞ்சம் நல்லெண்ணெயும் கொஞ்சம் கைப்பலமும் இருந்தாற் போதும் என்பது நமது எண்ணம். யப்பானிலோ, உயர்தரப் பாடசாலைக் கல்வியை முடித்த ஒருவர், அதன் மேலும் மூன்றாண்டுகள் பயின்று, அரசாங்கப் பரீட்சையிலே தேறி, அமைச்சரின் அனுமதிப்பத்திரம் பெற்ற பின்னரே இத்தொழிலைச் சட்டப்படி செய்யலாம். அம்மூன்றாண்டுகளில் அம்மாணவர் கற்பது என்ன என்பதையே இன்று எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன்.

இக்கல்விக்கு வித்திட்டவர் ஒரு விழிப்புலனற்றவர். அவர் பெயர் சுகியாமா வாயிச்சி. 1610 ஆம் ஆண்டிற் பிறந்தார். சாமுராய்க் குடும்பத்துப் பிள்ளை. இளமையிலே நோயினாற் கண்பார்வையை இழந்தமையால் வாளேந்தும் வாழ்வு அவருக்கு இல்லையாயிற்று. எடோவுக்குச் சென்று ஊசிச் சிகிச்சை பயின்றார். ஆசிரியரோ, 'இவனுக்குக் கைத்திறன் வராது' என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். மனமுடைந்த இளைஞர் எனோஷிமா என்னுந் தீவிலுள்ள குகையொன்றிலே நோன்பிருந்து, திரும்பும் வழியில் ஒரு கல்லிலே தடுக்கி விழுந்தார் என்றும், விழுந்த இடத்திலே கைக்குத் தட்டுப்பட்ட சிறு குழாயொன்றினுள் ஊசியிலை ஒன்று இருக்கக் கண்டார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எப்படியாயினும், மெல்லிய ஊசியைச் சிறு குழாயினுள்ளே செலுத்தி, நோவின்றித் தோலில் ஏற்றும் முறையை நிலைபெறச் செய்தவர் அவரே. கண் வேண்டாத முறை அது. இன்றும் யப்பானிய ஊசி வைத்தியர் கையாள்வது அம்முறையே.

பிற்காலத்தில் அவர் தொகுகாவா ட்சுனயோஷி என்ற ஷோகனின் வைத்தியரானார். 'உமக்கு என்ன வேண்டும்?' என்று ஷோகன் கேட்க, 'ஒரு கண் வேண்டும்' என்று அவர் விடையளித்தாராம். எடோவிலே 'ஒற்றைக்கண்' என்று பொருள்படும் பெயருடைய ஓரிடம் இருந்தது. ஷோகன் அந்நிலத்தையே அவருக்கு அளித்தார் என்பர். அவருடைய நினைவைப் போற்றும் ஆலயம் இன்றும் அவ்விடத்தில் இருக்கின்றது.

கண்ணுக்குப் பதிலாக நிலத்தைக் கொடுத்த அந்த வேடிக்கையிலும் பார்க்கப் பெரிதாகக் கொள்ளத்தக்கது, 1680களிலே சுகியாமா நிறுவிய கல்விக்கூடமாகும். அங்கே விழிப்புலனற்ற இளைஞர் முதலில் உடம்பு பிடிக்கவும், பின்னர் ஊசி ஏற்றவும் ஒழுங்குமுறையாகக் கற்றனர். விழிப்புலனற்றோருக்கான கல்வி என்றதும் 1785 இல் பாரிஸ் நகரிலே வலன்தென் ஹவுயி தொடங்கிய பாடசாலையையே நூல்கள் முதலிற் குறிப்பிடும். அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னரே, கீழைத்தேயத்தில், இரங்கிக் கொடுக்கும் உணவுக்காக அன்றித் தம் கையால் உழைத்து உண்ணும் பொருட்டு அவர்கள் கல்வி பெற்றனர் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

இனி, இன்றைய வகுப்பறைக்குச் செல்வோம்.

அரசாங்கப் பரீட்சைக்குரிய பாடங்கள் பதின்மூன்று. உடலமைப்பியல், உடற்றொழிலியல், நோயியல், சுகாதாரம், வைத்தியம், மறுவாழ்வு வைத்தியம், கீழைத்தேய வைத்தியம், சட்டம் என்று அவை விரிகின்றன. பெயர்களை அடுக்குவதனாற் பயனில்லை. கண்பார்வையற்ற மாணவர் உடலமைப்பியலை எவ்வாறு கற்கின்றார் என்பதே அறியத்தக்கது. படங்கள் அவருக்குப் பயன்படா. மேசையின்மேல் என்புகளின் மாதிரிகள் இருக்கும். தோட்பட்டை என்பைக் கையில் எடுத்து, அதன் விளிம்பு எது, மேடு எது, குழி எது என்று விரலாற் படிப்பார். பின்னர் அருகிலிருக்கும் தோழனின் முதுகிலே கைவைத்து, தோலுக்குக் கீழே அதே மேட்டையும் விளிம்பையும் தேடுவார். தோட்பட்டை என்பின் கீழ்முனை, கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது, நெஞ்சுப் பகுதியின் ஏழாவது முள்ளென்பின் மட்டத்தில் இருக்கும். இடுப்பென்பின் மேல்விளிம்புகளை ஒரு கோட்டால் இணைத்தால், அக்கோடு இடுப்புப் பகுதியின் நான்காவது முள்ளென்பை அண்டிச் செல்லும். குனிந்த கழுத்திலே அதிகம் புடைத்து நிற்பது பெரும்பாலும் கழுத்தின் ஏழாவது முள்ளென்பு. இவை மாணவருக்கு வழிகாட்டும் மைற்கற்கள். கண்ணுள்ள மாணவர் புத்தகத்தைத் திறந்து இவற்றை மனனஞ் செய்யலாம். ஆயினும் முடிவில் அவரும் விரலாலேயே தேடவேண்டும். கொழுத்த முதுகிலே இவற்றைக் கண்டறிவதற்குப் படம் உதவாது.

கைத்தொழிலிலே மூன்று முறைகள் கற்பிக்கப்படுகின்றன. முதலாவது, பழைய அன்மா. உடையின் மேலாகவோ ஒரு துணியைப் போர்த்தியோ, உடம்பின் நடுவிலிருந்து கைகால்களின் நுனியை நோக்கிப் பிடித்துச் செல்வது அது. இரண்டாவது, ஐரோப்பாவிலிருந்து மெய்ஜி காலத்திலே வந்த மஸாஜ். எண்ணெயோ மாவோ இட்டுத் தோலின்மேல் நேரே கைவைத்து, நுனியிலிருந்து இருதயத்தை நோக்கி உருவுவது. நாளங்களிலே இரத்தம் திரும்பும் திசை அதுவாதலால் அவ்வாறு வகுத்தனர். மூன்றாவது, ஷியாட்சு; 'விரலழுத்தம்' என்பது அதன் பொருள். தேய்த்தலும் பிசைதலும் இன்றி, பெருவிரலாலும் உள்ளங்கையாலும் நேர்செங்குத்தாக அழுத்துவது. மெல்லத் தொடங்கி, சற்றே நிறுத்தி, மெல்ல விடவேண்டும். சடுதியாக அழுத்துவதும் சடுதியாகக் கையை எடுப்பதும் குற்றம்.

ஒரே கால், ஒரு முறை கீழ்நோக்கிச் செல்லச் சொல்கிறது, மற்றொன்று மேல்நோக்கி வரச் சொல்கிறது. எது சரி என்று மாணவர் ஆசிரியரைக் கேளாதிருப்பாரா? இரண்டும் வெவ்வேறு நாட்டு வைத்தியக் கொள்கைகளிலிருந்து பிறந்தவை என்பதே விடை. ஒரு கல்வித் திட்டத்தினுள்ளே இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிப்பது குழப்பமாகத் தோன்றலாம். தம் முன்னோரின் முறையையும் விட்டுவிடாமல், வந்த முறையையும் புறக்கணியாமல், இரண்டையும் பரீட்சைக்கு உட்படுத்திய நேர்மையாக எனக்கு அது தோன்றுகின்றது.

தொடக்கத்திலே எல்லா மாணவரும் விரலின் பலத்தையே நம்புகின்றனர். சில கிழமைகளிற் பெருவிரல் மூட்டு வீங்கி வலிக்கும். அதன் பின்னரே, பலம் விரலில் இல்லை, இடுப்பில் இருக்கின்றது என்று அறிந்துகொள்கின்றனர். முழங்காலிட்டோ நின்றோ, தம் உடற்பாரத்தை முன்னே சாய்த்து அழுத்தினால் விரல் நோகாது. படுத்திருப்பவருக்கும் அழுத்தம் ஆழமாகவும் இதமாகவும் இருக்கும். பிசையும்போது விரல் தோலின்மேல் வழுக்கக்கூடாது. தோலும் விரலும் ஒன்றாக நகர்ந்து, அடியிலுள்ள தசையை உருட்டவேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருத்தல் வேண்டும். கை சூடாக இருத்தல் வேண்டும். இவற்றை வாயாற் சொல்லிக் கொடுப்பது கடினம். ஆகையால் ஆசிரியர் மாணவரின் கையின்மேல் தம் கையை வைத்து நடத்துகின்றார்; பின்னர் தாமே படுத்துக்கொண்டு மாணவரைப் பிடிக்கச் சொல்லுகின்றார். முதுகே பரீட்சகராகின்றது. பாடசாலைகளில் இக்கலையைக் கற்பிக்கும் ஆசிரியர்களிற் பலர் தாமும் விழிப்புலனற்றவர்களே.

கீழைத்தேய வைத்தியப் பாடத்தில் மாணவர் உடம்பிலுள்ள 361 புள்ளிகளின் பெயரையும் இடத்தையும் அறிதல் வேண்டும். அவற்றை அளக்கும் கோல் சிகிச்சை பெறுபவரின் பெருவிரல் அகலமே. குழந்தைக்குக் குழந்தையின் விரல். பேருடலாளனுக்கு அவன் விரல். 'எண்சாண் உடம்பு' என்று அவரவர் கையாலேயே அவரவர் உடலை அளந்த நமக்கு இது புதுமையன்று. அப்புள்ளிகளை இணைப்பனவாகச் சொல்லப்படும் ஓடைகளை எந்த நுணுக்குக்காட்டியும் காட்டவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். அவற்றை உண்மை என்று நம்பாதவருங்கூட, அவ்விடங்களைத் தேடித்தேடிப் பழகிய விரல் உடம்பை நன்கறியும் என்பதை மறுக்கமாட்டார்.

நேயர்களே, இவ்வளவையுங் கற்ற மாணவர் இன்னொன்றையுங் கற்றாக வேண்டும். எப்பொழுது தொடக்கூடாது என்பதே அது. என் எண்ணத்தில், மூன்றாண்டுக் கல்விக்கு அதுவே முதன்மையான காரணம்.

ஒருவர் நெடுந்தூரம் பயணஞ் செய்து வந்திருக்கின்றார். அல்லது சத்திரசிகிச்சையின் பின் பல நாள் படுக்கையிற் கிடந்திருக்கின்றார். 'ஒரு கால் மட்டும் கனக்கின்றது. கெண்டைக்காலை நன்றாகப் பிடித்துவிடுங்கள்' என்கின்றார். கைவைத்துப் பார்த்தால் அக்கால் மற்றக் காலிலும் பார்க்க வீங்கியிருக்கின்றது, சூடாக இருக்கின்றது, அழுத்தினால் நோகின்றது. கைப்பலம் மட்டும் உடையவர் எண்ணெயை எடுப்பார். கற்றவரோ கையை எடுத்துக்கொள்வார். உள்ளே ஆழ்ந்த நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். பிசைந்தால் அவ்வுறைகட்டி பெயர்ந்து இருதயத்தின் வழியாகச் சுவாசப்பையை அடைந்து உயிரையே கவரலாம். அவருக்கு அப்பொழுது வேண்டியது வைத்தியசாலை. அவ்வாறே, காய்ச்சல் உள்ளவர், தொற்றுநோய் உள்ளவர், புண்ணும் அழற்சியும் உள்ள தோல், புதிதாக அடிபட்டு இரத்தங்கட்டிய இடம், இவையெல்லாம் விலக்கு. இடுப்பு வலியென்று வந்தவருக்குத் தொடையிடுக்கு மரத்துப் போயிருந்தாலோ, சிறுநீரை அடக்கவும் கழிக்கவும் முடியாதிருந்தாலோ, ஒரு நாளேனுந் தாமதியாமல் வைத்தியரிடம் அனுப்பவேண்டும். ஒரு கேள்வி கேட்டால் வெளிப்படும் செய்தி அது. அக்கேள்வியைக் கேட்கப் பழகுவதும் பாடத்தின் ஒரு பகுதி.

முறிந்த என்பின்மீதும் விலகிய மூட்டின்மீதும், வைத்தியரின் சம்மதமின்றி இவர்கள் கைவைக்கக் கூடாதென்று யப்பானியச் சட்டம் விதிக்கின்றது. நம்மூர் முறிவு நெரிவு வைத்தியரைப் போன்றவர்கள் அங்கும் உளர். அது தனித்தொழில், அதற்குத் தனிக்கல்வி, தனி அனுமதிப்பத்திரம். மேலும், சிகிச்சையின்போது அறிந்த இரகசியத்தை, தொழிலை விட்டொழிந்த பின்னரும் வெளியிடலாகாது என்பதும் சட்டம். கண்மூடிப் படுத்திருப்பவர் மனத்திலுள்ளதையெல்லாம் பேசுவர் என்பதைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர் போலும்.

அச்சட்டம் பிறந்த வரலாறும் சொல்லத்தக்கது. யுத்தத்தில் யப்பான் தோற்று, நேசநாட்டுப் படையினரின் ஆட்சி நடந்த 1947 ஆம் ஆண்டிலே, ஊசிச் சிகிச்சை முதலிய பழைய முறைகள் சுகாதாரத்துக்கு ஒவ்வாதன, அவற்றை ஒழிக்கலாம் என்ற கருத்து ஆட்சியாளரிடையே எழுந்தது. ஆயிரக்கணக்கான விழிப்புலனற்றோருக்கு அது சோற்றிலே மண்போடும் கருத்து. அவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் திரண்டு எதிர்த்தனர். முடிவில், அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலே, தொழிலை ஒழிப்பதற்கு மாறாக, கல்வியும் பரீட்சையும் விதித்து அதனை அங்கீகரிக்கும் சட்டம் நிறைவேறிற்று.

அவ்வளவில் தொல்லை தீரவில்லை. கண்பார்வையுள்ளோர் இத்தொழிலிலே பெருகத் தொடங்கினர். வேறு பல தொழில்களின் கதவு திறந்திருக்கும் ஒருவர், ஒரே கதவு திறந்திருக்கும் மற்றொருவரோடு போட்டியிடுவது நீதியா என்ற கேள்வி எழுந்தது. 1964 இல் சட்டந் திருத்தப்பட்டது. விழிப்புலனற்றோரின் பிழைப்பு பெரிதும் பாதிக்கப்படாதிருக்கும் பொருட்டு, பார்வையுள்ளோருக்கான புதிய அன்மாப் பாடசாலைகளுக்கு, இப்போதைக்கு, அமைச்சர் அனுமதி மறுக்கலாம் என்று அதிலே எழுதப்பட்டது. அந்த 'இப்போதைக்கு' அரை நூற்றாண்டைக் கடந்தும் நீடித்தது. அவ்வாறு அனுமதி மறுக்கப்பட்ட கல்வி நிறுவனமொன்று, தொழில் தெரிவு செய்யும் சுதந்திரத்துக்கு இது மாறானது என்று வழக்குத் தொடர்ந்தது. 2022 பெப்ரவரி 7 ஆந் திகதி அந்நாட்டின் உயர் நீதிமன்றம், அவ்விதி அரசியலமைப்புக்கு முரணன்று என்று தீர்ப்பளித்தது.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் இத்தொழில் செய்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் விழிப்புலனற்றோர்; அண்மைக் காலத்திலோ அவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே. கணினியின் துணையாற் பிற தொழில்களுக்குச் செல்லும் விழிப்புலனற்ற இளைஞரும் உளர். ஆயினும், நடுத்தர வயதிலே நோயினாற் பார்வையை இழந்து, செய்த தொழிலையும் இழந்து வருவோருக்கு, ஐந்து புலன்களிலே எஞ்சியவற்றைக் கொண்டு மூன்றாண்டுகளிற் கற்றுக் குடும்பத்தைக் காக்கக்கூடிய தொழில்கள் எத்தனை இருக்கின்றன? அவர்களுக்காகவேனும் அக்கதவு திறந்திருத்தல் வேண்டும் என்றே நான் கருதுகின்றேன்.

ஆண்டுதோறும் பெப்ரவரி மாதத்தில் அரசாங்கப் பரீட்சை நடைபெறுகின்றது. பார்வையுள்ளவருக்கும் அற்றவருக்கும் வினாக்கள் ஒன்றே. சிலர் அச்செழுத்தில் வாசிக்கின்றனர். சிலர் பெரிய எழுத்தில். சிலர் பிறெயில் புள்ளிகளை விரலால் தடவி. சிலர் ஒலிப்பதிவைச் செவியாற் கேட்டு விடையளிக்கின்றனர்.