மருந்துக் கடை வாசலில் நாணம் வேண்டாம்
(ஜொகூர் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளமும் போனசும் பேசவேண்டிய மேடையில், கருத்தடை மாத்திரையைப் பற்றி இந்தக் கிராணி பேசுவானேன் என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக 2023 ஜனவரி முதல் உயர்ந்ததைச் சங்க விஷயம் என்றுதானே வரவேற்றோம்? பிள்ளை பெற்றபின் எடுக்கும் ஓய்வு சங்க விஷயமானால், பிள்ளை எப்போது பெறுவது என்பதும் சங்க விஷயமே. கைக்குழந்தை இடுப்பில் இருக்க, இன்னொன்று வயிற்றில் வந்தால், இருட்டோடு எழுந்து மரம் வெட்டப் போகிறவள் யார்? பாதி நிரையை விட்டுத் திரும்பினால் கூலி குறைவது யாருக்கு?

உறை கிழிந்துவிட்டது, வழக்கமான மாத்திரை மறந்துபோயிற்று, அல்லது ஒரு பாவி ஒரு பெண்ணைப் பலவந்தம் செய்துவிட்டான். இப்படிப்பட்ட வேளைக்கு உள்ளதே அவசரக் கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்பது மருந்தின் பெயர், அளவு 1.5 மில்லிகிராம். 72 மணி நேரத்துக்குள் விழுங்கவேண்டும். முந்தினால் பலன் அதிகம், தாமதித்தால் குறைவு.

இது கருவைக் கலைக்கும் மருந்து அல்ல. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே. ஏற்கெனவே தரித்த கருவை இது ஒன்றும் செய்யாது. பிற்காலத்தில் பிள்ளைப் பேற்றையும் கெடுக்காது. குமட்டல் வரலாம், மாதவிலக்கு முன்பின் ஆகலாம். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருந்தாளரிடம் மறுபடி கேட்கவேண்டும். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லவேண்டும். தினசரி உபயோகத்துக்கு இது ஏற்றதல்ல.

நமது நாட்டில் டாக்டர் சீட்டு இல்லாமலே, பதிவுபெற்ற மருந்தாளர் இதைக் கொடுக்கலாம். பெயரும் விலாசமும் கேட்டால் அஞ்சவேண்டாம். 1952ஆம் வருஷத்து விஷப்பொருள் சட்டத்துக்காக எழுதும் கணக்கு அது. பிரிட்டனில் 2001லும், இந்தியாவில் 2005லும் இந்த வழி திறந்தது. ஆனால் அதற்குப் பிறகும் சென்னையில் பல மருந்துக் கடைகள் இந்த மாத்திரையை வைக்க மறுத்தன. சட்டம் திறந்த கதவைக் கடைக்காரர் சாத்திவிட்டார்! சட்டம் மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

நம் நிலை என்ன? மருந்துக் கடை குளுவாங்கிலோ சிகாமட்டிலோ இருக்கிறது. தோட்டத்திலிருந்து பஸ் இல்லை. போய்ச் சேர்ந்தாலும் மருந்தாளர் வெளியே போயிருந்தால் சிப்பந்தி விற்கமுடியாது. சனிக்கிழமை இரவு 9 மணிக்கு நேர்ந்த காரியத்துக்குத் திங்கள் காலை 9 மணிக்கு மருந்து தேடினால் 36 மணி நேரம் போயிற்று. 72ல் சரிபாதி!

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. பக்கத்துப் பட்டணத்து மருந்துக் கடைகளின் விவரத்தையும், மருந்தாளர் இருக்கும் நேரத்தையும் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும். அதை எழுதி ஒட்டுவது கிராணிமார்களாகிய நமது வேலை. அவசரமென்று ஒரு பெண் கேட்டால், காரணம் கேளாமல் நிர்வாகம் வண்டி தரவேண்டும். மருந்தாளர் ஒதுக்குப்புறமாக அழைத்து, உடம்புக்கு வேண்டியதை மட்டும் கேட்கவேண்டும், "கல்யாணம் ஆயிற்றா?" என்று கேட்பது மருத்துவம் ஆகாது. அரசாங்கக் கிளினிக்குகளிலும் இது தாராளமாகக் கிடைக்கவேண்டும். பலவந்தத்துக்கு ஆளான பெண்ணை நேரே அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அவளுக்கு மாத்திரையோடு வேறு சிகிச்சையும் பாதுகாப்பும் வேண்டும்.

ஆண் தோழர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. மனைவியைத் தனியே அனுப்பிவிட்டுக் கடைத்தெருவில் நிற்காதீர்கள். கூடவே உள்ளே போங்கள். பர்மிட்டில் வந்து நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுச் சகோதரிகளுக்கும் இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். கர்ப்பமானால் திருப்பி அனுப்பப்படுவோம் என்ற பயத்தில் வாழ்கிறவர்கள் அவர்கள்.

சங்கம் கேட்டு வாங்கியது எல்லாமே ஒரு காலத்தில் பேசக்கூடாத விஷயமாக இருந்ததுதான். பேசுவோம், பெறுவோம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!