லண்டன் மாநகரின் பொதுமனைகள்

ஒரு நகரத்தைக் காணச் செல்வோர் அதன் அரண்மனைகளையும் ஆலயங்களையும் அருங்காட்சியகங்களையும் கண்டு திரும்புவது வழக்கம். ஆனால் அந்நகர மக்கள் வேலை முடிந்த மாலைப்பொழுதில் எங்கே போய் அமர்கின்றனர், யாரோடு பேசி மகிழ்கின்றனர் என்பதை அறியாதவரை அந்நகரை அறிந்தோம் என்று சொல்லுதல் இயலாது. லண்டன் மாநகரைப் பொறுத்தவரை இவ்வினாவிற்குரிய விடை ஒரே சொல்லில் அடங்கும். அச்சொல் 'பப்' என்பது.

மது விற்கும் இடத்தைப் பற்றியா ஒரு பேச்சு என்று நேயர்களுள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நாமும் மதுப் பழக்கம் அற்றவர்களே. மதுவின் புகழ் பாடுவது நம் நோக்கம் அன்று. பல நூற்றாண்டுகளாக ஒரு மக்கட் கூட்டம் தன் பொது வாழ்வை எந்தக் கூரையின் கீழ் நடத்தி வந்தது என்று அறிவதே நம் நோக்கம். வேற்றூரில் வாழ்வோருக்கு இதில் சிந்திக்கத்தக்கது சிறிது உண்டு என்றும் நம்புகிறோம்.

'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் குறுக்கம். தமிழில் 'பொதுமனை' எனலாம். பெயரிலேயே அதன் இயல்பு விளங்குகிறது. அது கடை என்பதினும் வீடு என்பதே பொருந்தும். கணப்பு அடுப்பும், தேய்ந்த மரப் பலகைகளும், சுவரில் பழைய படங்களும், மூலையில் உறங்கும் ஒரு நாயுமாக அது ஒருவருடைய இல்லத்துக் கூடம்போலவே தோன்றும். அதை நடத்துவோரையும் வீட்டுக்காரர் என்று பொருள்படும் சொல்லாலேயே அழைப்பர்.

வாசலில் தொங்கும் ஓவியப் பலகை பொதுமனையின் தனிச்சிறப்பு. எழுத்தறியாதோர் மிகுந்திருந்த அக்காலத்தில் படமே பெயராயிற்று. ஏல் என்னும் பானத்தை விற்போர் வாசலில் அடையாளம் ஒன்றைத் தொங்கவிட வேண்டும் என்று இரண்டாம் ரிச்சர்டு மன்னன் 1393-இல் கட்டளையிட்டான். அம்மன்னனின் சின்னம் வெண்கலைமான். இன்றும் 'வெண்கலைமான்' என்னும் பெயருடைய பொதுமனைகள் இங்கிலாந்தின் பல ஊர்களில் இருப்பதைக் காணலாம். 'செஞ்சிங்கம்', 'மணிமுடி', 'அரச ஓக் மரம்' என்று இப்பெயர்களைத் தொடர்ந்து படித்துச் சென்றால், அந்நாட்டு வரலாற்றையே வீதியில் நடந்தபடி படித்ததாகும்.

லண்டன் ஓயாது ஒலிக்கும் நகரம். நிலத்தடி ரயில்கள் நிமிடத்துக்கு நிமிடம் மனிதர்களை வெளியே கொட்டுகின்றன. உலகின் எல்லா மொழிகளும் ஒரே பஸ்ஸில் கேட்கின்றன. அத்தகைய ஆரவாரத்தின் நடுவே ஒரு சந்தில் திரும்பிப் பொதுமனையின் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தால், காலம் சற்றே நின்றுவிட்டதுபோல் ஓர் உணர்ச்சி உண்டாகிறது. தேம்ஸ் நதியின் தென்கரையில் சதர்க் பகுதியிலே 'ஜார்ஜ்' என்றொரு விடுதி உளது. 1676-இல் எரிந்துபோய், அடுத்த ஆண்டு மீண்டும் கட்டப்பட்டது. முற்றத்தை நோக்கிய மரத் தாழ்வாரங்களோடு, குதிரை வண்டிகள் வந்து தங்கிய காலத்தின் அமைப்பு லண்டனில் எஞ்சியிருப்பது இஃது ஒன்றே. இன்று நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்தின் உடைமையாக அது காக்கப்படுகிறது. பத்திரிகைகளுக்குப் பெயர்போன ஃப்ளீட் வீதியில் 'செஷயர் சீஸ்' என்னும் மனை உண்டு. 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அழிந்து, 1667-இல் எழுந்தது அது. ஹோபர்னில் உள்ள 'பிரின்சஸ் லூயிஸ்' விக்டோரியா காலத்து மனை. பூவேலைக் கண்ணாடிகளும் வண்ண ஓடுகளும் நுண்ணிய மரத் தடுப்புகளும் அங்கே காண்போர் கண்ணைக் கவர்கின்றன.

அந்தத் தடுப்புகள் வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல. உழைப்பாளி ஒரு பக்கமும், உத்தியோகஸ்தர் ஒரு பக்கமும் தனித்தனியே அமர வேண்டும் என்று அக்காலத்தவர் எண்ணினர். ஒரே மனையில் சாதாரண அறை என்றும் உயர்தர அறை என்றும் இரு வேறு வாயில்கள் இருந்தன. பின்னவற்றில் விலையும் சற்று மிகுதி. பிற்காலத்தில் பெரும்பாலான மனைகளில் இச்சுவர்கள் இடிக்கப்பட்டு ஒரே கூடமாயின. கட்டடச் சுவரை இடிப்பது எளிது, மனச்சுவரை இடிப்பது அத்துணை எளிதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதன்முதலாக நாம் ஒரு பொதுமனையினுள் நுழைந்த நாள் நினைவிற்கு வருகிறது. குளிர் மிகுந்த ஒரு மாலை. ஒரு மேசையின் முன் அமர்ந்து, பணியாளர் வருவார் வருவார் என்று காத்திருந்தோம். கால்மணி நேரம் கழிந்தது. எவரும் வரவில்லை. நமக்குப் பின் வந்தவர் கையிலும் கோப்பை இருந்தது. நம் நிறம் கண்டு ஒதுக்குகின்றனரோ என்று உள்ளம் வாடத் தொடங்கிற்று. அப்போது அடுத்த மேசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து, "ஐயா, இங்கே மேசையைத் தேடி யாரும் வரமாட்டார்கள். நாமேதான் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று மெல்லச் சொன்னார். நாணத்தோடு எழுந்து சென்றோம்.

விற்பனைப் பலகையின் முன்னே ஒரு சிறு கூட்டம் நின்றது. எதற்கும் வரிசையில் நிற்கும் அந்நாட்டார் இங்கே மட்டும் வரிசை அமைப்பதில்லை. ஆயினும் யார் முன்னே வந்தார், யார் பின்னே வந்தார் என்னும் கணக்கு உள்ளே நின்ற பெண்மணியின் நினைவில் பிசகாமல் இருந்தது. ஒருகால் அவர் தவறித் தம்மை நோக்கியபோது, அருகில் நின்றவர் தலையை அசைத்து நம்மைச் சுட்டிக் காட்டினார். எலுமிச்சைப் பானம் வேண்டும் என்று கேட்டோம். எவரும் நகைக்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து வந்தால் ஒவ்வொருவரும் முறைவைத்து நால்வருக்கும் வாங்கித் தருவது அங்கே மரபு. அதற்குச் 'சுற்று' என்று பெயர். தம் முறை வரும்போது நழுவுகிறவர் அக்கூட்டத்தில் நெடுநாள் மதிப்போடு இருத்தல் இயலாது. பணப்பையில் கனம் இருந்தும் கை நீளாதவரை அவர்கள் எளிதில் மறப்பதில்லை.

இத்தகைய மனையின் இலக்கணம் யாது? எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். தாம் விரும்பும் மனையின் குணங்களை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, அத்தனையும் ஒருங்கே அமைந்த மனை உண்மையில் இல்லை என்று ஈற்றில் ஒப்புக்கொண்டார். அவர் சிறப்பாகப் போற்றியது பானத்தின் சுவையை அன்று. அங்கு நிலவும் சூழலையே. உரத்த இசை இல்லாது பேச இடமிருத்தல், பணிபுரிவோர் வருவோரை அறிந்திருத்தல் ஆகியவற்றை அவர் பெரிதாக மதித்தார்.

இவ்வளவும் நிலவின் ஒரு பக்கம். மறுபக்கத்தைக் கூறாது விடுதல் நேர்மை ஆகாது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜின் என்னும் கடுஞ்சாராயம் லண்டன் ஏழைகளைச் சூறையாடிற்று. தாயின் மடியிலிருந்து குழந்தை நழுவி வீழும் கொடிய காட்சியை வில்லியம் ஹோகார்த் என்னும் ஓவியர் 1751-இல் வரைந்து வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பார்லிமெண்டும் சட்டம் இயற்றி அவ்விற்பனையைக் கட்டுப்படுத்திற்று. முதல் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிற்சாலைகளின் வேலை கெடலாகாது என்று பொதுமனைகள் பிற்பகலில் மூடப்பட்டன. போர் 1918-இல் முடிந்தது. ஆனால் இங்கிலாந்தில் அந்தப் பிற்பகல் அடைப்பு 1988 வரை நீடித்தது! குடியால் கெட்ட குடும்பங்கள் அங்கும் உண்டு. பொதுமனையின் இனிமை அத்துயரை இல்லை என்று ஆக்கிவிடாது.

இன்னொரு குறையும் உண்டு. அது நம்மவரை நேராகத் தொடுவது. 'இந்தியா பேல் ஏல்' என்று ஒரு பானம் பொதுமனைகளில் இன்றும் விற்கப்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில், லண்டன் போ பகுதியில் இருந்த ஹாட்ஜ்சன் என்பாரின் வடிசாலையிலிருந்து இந்நாட்டில் வாழ்ந்த ஆங்கிலேயர்களுக்குக் கப்பலேறி வந்த வகையிலிருந்து வளர்ந்தது அது. அவ்வாறு பானத்தின் பெயரில் இந்தியா வரவேற்கப்பட்டது. இந்தியர் வரவேற்கப்பட்டனரா?

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பஞ்சாபிலிருந்து பல்லாயிரவர் இங்கிலாந்து சென்று உலைக்களங்களில் உழைத்தனர். பர்மிங்ஹாம் நகரை அடுத்த ஸ்மெதிக் என்னும் ஊரில், நாளெல்லாம் உருகிய இரும்பின் முன் நின்று மாலையில் இளைப்பாறச் சென்ற அவர்களுக்குச் சில பொதுமனைகளில் இடம் மறுக்கப்பட்டது. சிலவற்றில் ஓர் அறை மட்டுமே திறக்கப்பட்டது. இந்தியத் தொழிலாளர் சங்கத்தார் இதை எதிர்த்துப் போராடினர். அவர்கள் அழைப்பின்பேரில் அமெரிக்க நீக்ரோ மக்களின் தலைவர் மால்கம் எக்ஸ் 1965 பிப்ரவரி 12-இல் ஸ்மெதிக்குக்கு வந்து அந்நிலையை நேரில் கண்டார். ஒன்பது நாள் கழித்து அவர் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் பார்லிமெண்ட் இன உறவுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. பொதுமனைகள் உள்ளிட்ட பொது இடங்களில் நிறம் காரணமாக ஒருவரை ஒதுக்குவது அதன்படி சட்ட விரோதமாயிற்று.

அதன்பின் நிகழ்ந்தது மகிழ்ச்சிக்குரியது. ஒதுக்கப்பட்டோரின் மக்கள் காலப்போக்கில் அத்தகைய மனைகளைத் தாமே வாங்கி நடத்தலாயினர். பர்மிங்ஹாம் வட்டாரத்தில் இவற்றைத் 'தேசி பப்' என்றே அழைக்கின்றனர். பழைய ஓவியப் பலகையும் மரப் பலகைகளும் அப்படியே இருக்க, சமையலறையிலிருந்து மட்டும் சீரகமும் மல்லியும் மணக்கின்றன. வெள்ளையரும் பஞ்சாபியரும் ஒரே மேசையில் அமர்ந்து சுட்ட இறைச்சியைப் பகிர்ந்துண்கின்றனர். லண்டன் சவுத்தால் பகுதியில் 'கிளாஸி ஜங்க்ஷன்' என்றொரு மனை 2012-இல் மூடப்படும்வரை நம் நாட்டு ரூபாய் நோட்டையும் பெற்றுக்கொண்டது.

இந்நாளில் பொதுமனைகளுக்கு வேறொரு சோதனை வந்துள்ளது. 2000-ஆம் ஆண்டில் பிரிட்டனில் அறுபதினாயிரத்துக்கு மேல் இருந்தவை, கால் நூற்றாண்டுக்குள் ஏறத்தாழ நாற்பத்தையாயிரமாகக் குறைந்துவிட்டன. வரியும் வாடகையும் உயர்ந்தன. மக்கள் வீட்டிலேயே குடிக்கலாயினர். மனை நின்ற நிலத்தின் விலையோ மனையின் வருமானத்தைவிடப் பன்மடங்கு பெருகிற்று. 2020 மார்ச் 20 இரவில், பெருந்தொற்றின் பொருட்டு நாட்டின் எல்லாப் பொதுமனைகளும் ஒருங்கே அடைக்கப்பட்டன. மீண்டும் திறவாதவையும் சில.

எனினும் மக்கள் வாளாவிருக்கவில்லை. லண்டன் கில்பர்ன் பகுதியில் 'கார்ல்டன் டாவர்ன்' என்னும் மனை 1920-களின் தொடக்கத்திலே கட்டப்பட்டது. அதை அடுக்கு வீடுகளாக்க நகர மன்றம் அனுமதி மறுத்திருந்தது. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கும் ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. அந்நிலையில் 2015 ஏப்ரலில் ஒருநாள் உடைமையாளர் இயந்திரங்களைக் கொண்டு அதை இடித்துத் தள்ளினர். ஊரார் திரண்டெழுந்தனர். இடித்தவர்களே அதை முன்னிருந்தபடி செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் ஆணையிட்டது. மேல்விசாரணையிலும் அவ்வாணை நிலைத்தது. நல்வாய்ப்பாக, முன்னதாகவே கட்டட ஆய்வாளர்கள் அதைப் படம்பிடித்து அச்சும் எடுத்து வைத்திருந்தனர். 2021 ஏப்ரலில், ஆறு ஆண்டு கழித்து, அதே ஓடுகளும் அதே முகப்புமாக அம்மனை மீண்டும் திறந்தது.

தென்கிழக்கு லண்டனில் நன்ஹெட் என்னும் பகுதியிலோ 'ஐவி ஹவுஸ்' என்ற மனை விற்பனைக்கு வந்தபோது அக்கம்பக்கத்தார் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் துணைக்கொண்டனர். ஊர்மக்களுக்குப் பயன்படும் கட்டடம் விலைக்கு வந்தால், அதை வாங்கப் பணம் திரட்ட அவர்களுக்கு அவகாசம் தரும் சட்டம் அது. அவ்வகையில் முதன்முதலாகப் பட்டியலில் ஏறிய பொதுமனை இதுவே. 371 பேர் பங்கெடுத்து அதைத் தம் உடைமையாக்கி 2013-இல் திறந்தனர்.

ஒரு மதுமனைக்காகவா இத்துணை முயற்சி என்று கேட்கலாம். மதுவைக் கடையிலும் வாங்கலாம்; விலையும் குறைவு. அவர்கள் காக்க முனைந்தது வேறொன்று. தனியே வாழும் முதியவர் ஒருவர் மாலையில் ஒரு கோப்பையை முன்வைத்து இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கலாம்; எவரும் எழுந்து போகச் சொல்லமாட்டார். மறுநாள் அவர் வராவிடில், ஏன் வரவில்லை என்று ஒருவரேனும் வினவுவார். பெருநகரில் இது சிறு பேறு அன்று.

பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் முதலில் தேடியதும் இதுவே அன்றோ? மாதுங்காவின் காப்பி ஓட்டல்களில் தமிழ்க் குரல் கேட்டு உள்ளே நுழைந்த இளைஞர் எத்தனை பேர்! அங்கே பருகியது காப்பியே ஆயினும், பெற்றது ஊரின் ஒரு துண்டு. நம்மிடத்தில் நாம் மகிழ்ந்திருக்கும்போது, வாசலில் தயங்கி நிற்கும் வேற்று மொழியாரை உள்ளே அழைக்கிறோமா என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அம்முதியவரை நாம் பின்னொருமுறை காணவில்லை. பெயரும் கேட்டோமில்லை. ஆயினும் லண்டனை நினைக்கும்போது கோபுரங்களுக்கும் பாலங்களுக்கும் முன்னே நினைவில் வருவது, தம் இருக்கையை விட்டு எழுந்து வந்து, ஓர் அயலாருக்கு அவ்வூர் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்த அவர் முகமே.